சொகுசு வீட்டின் பின்வாசல்

(வாசிப்பு வட்டமொன்றின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நகரமும் சாதியும்'. ஐந்து வருடமாக அதைத்தான் ஆய்வேடாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடிந்தபாடில்லை. நாற்பது நிமிடத்தில் அதை முடித்துவிடலாம் என்று தோழர்கள் நம்புவது என்மேல் உள்ள அன்பு. நான் அதிலிருந்து ஒரு சின்னக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டை எது 'சொகுசு வீடு' ஆக்குகிறது?

இந்தக் கேள்வி வந்தது ஒரு மாதிரி வீட்டில். போன வருடம் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு குடியிருப்புத் திட்டத்தைப் பார்க்கப் போனேன். களப்பணிக்காக. வாங்க வந்தவர்போல நடிக்கவில்லை, ஆனால் அப்படி நினைத்துக்கொண்டவர்களைத் திருத்தவும் இல்லை. விளம்பரத்தில் 'லக்சுரி டவுன்ஹவுஸ்' என்று போட்டிருந்தார்கள். நாம் ரோ ஹவுஸ் என்போமே, அதுதான். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும், மூன்று தளம், முன்னால் கார் நிற்க இடம். சுற்றிக் காட்டிய தம்பி நல்ல பையன். இத்தாலியன் மார்பிள், மாடுலர் கிச்சன், வாஸ்துப்படி பூஜையறை, போனிலேயே அணைக்கிற விளக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில், "பின்னாடி வாங்க மேடம், இதுதான் நம்ம பிராஜெக்ட்டோட ஸ்பெஷல்" என்று அழைத்துப்போனான்.

பின்பக்க செட்பேக்கில் ஓர் இரும்புச் சுருள் படி. அதன் கீழே ஓர் அறை. ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. ஓரத்தில் சின்னக் கழிவறை. "வேலைக்காரம்மாவுக்குத் தனி ரூம், தனி டாய்லெட். அவங்க ஹால் வழியா வரவே வேண்டாம் மேடம். தெருவுக்கே தனி கேட் இருக்கு. மாடி கூட்டணும்னா இந்தப் படியில ஏறிப் போயிடுவாங்க. உங்க பிரைவசிக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

அன்றிரவு அந்த ப்ரோஷரை அம்மா புரட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டு வரைபடம் படிக்கத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளில் பதினொரு வருடம் வேலை செய்தவர் அவர். வரவேற்பறை, படுக்கையறை எல்லாவற்றையும் தாண்டி விரல் நேராகப் பின்பக்கம் போய் நின்றது. "இதான் நம்ம வழி" என்றார்.

சொகுசு என்றால் விலை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சொத்து ஆலோசனை நிறுவனங்கள் அப்படித்தான் ஒரு கோடு போட்டு, இத்தனை கோடிக்கு மேல் போனால் லக்சுரி என்கின்றன. சில வருடங்களில் கோடு மேலேறிவிடும். அரசிடம் 'கட்டுப்படியாகும் வீடு' என்பதற்குக் கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் ஜிஎஸ்டி விதிப்படி, பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள், 45 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் 1 சதவீத வரி. 2016இல் வந்த ரெரா சட்டத்தில் கார்பெட் ஏரியா என்றால் என்ன என்பதற்கு விளக்கம் இருக்கிறது. லக்சுரி என்ற சொல்லுக்கு அதில் விளக்கம் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டடத்தின்மீதும் எழுதிக்கொள்ளலாம்.

பொருளை வைத்தும் சொல்ல முடியாது. நான் பள்ளியில் படித்தபோது டைல்ஸ் போட்ட வீடு என்றால் பணக்கார வீடு. இன்று கண்ணகி நகரில் எங்கள் வரிசையிலேயே பாதி வீடுகளில் டைல்ஸ் இருக்கிறது, இரண்டு வீட்டில் ஏசியும் இருக்கிறது. ஒரு காலத்தில் கிரானைட் மேடை பெருமை, இப்போது டீக்கடையில் அதன்மேல்தான் வடை வைக்கிறார்கள். பொருள்கள் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கி வந்துவிடுகின்றன. இறங்கி வராத ஒன்று உண்டு. அந்த இரண்டாவது வழி.

டவுன்ஹவுஸ் என்ற சொல்லின் ஊருக்கே ஒருமுறை போய் வருவோம். இங்கிலாந்தில், கிராமப்புறத்தில் பெரும் நிலமும் மாளிகையும் வைத்திருந்த பிரபுக்கள், நாடாளுமன்றம் கூடும் காலத்தில் லண்டனில் தங்குவதற்கு வைத்துக்கொண்ட வீடுதான் அது. பிரபுவாக இருந்தாலும் நகரத்தில் நிலம் சுருக்கம். அதனால் பெரும்பாலும் வரிசை வீடுகள்தான், சுவரோடு சுவர். 1774ஆம் ஆண்டின் லண்டன் கட்டடச் சட்டம் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது. மதிப்பு 850 பவுண்டுக்கு மேல், தரைப்பரப்பு 900 சதுர அடிக்கு மேல் என்றால் முதல் தரம். 150 பவுண்டுக்கும் 350 சதுர அடிக்கும் கீழே இருந்தால் நான்காம் தரம். சட்டம் இப்படி எண்களை வைத்துத்தான் பேசியது. ஆனால் தெருவில் நின்று அந்த வீட்டைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். முன்வாசலுக்கு மேலேறும் படி. அதன் பக்கத்திலேயே, இரும்பு வேலிக்குள், தரைக்குக் கீழே இறங்கும் இன்னொரு படி. சமையலறை பூமிக்கடியில். வேலைக்காரர்கள் தூங்குவது கூரைக்கடியில். அடித்தளத்திலிருந்து உச்சிவரை தனியாக ஒரு குறுகிய மாடிப்படி. முதலாளியம்மா இறங்கும்போது கரி வாளி தூக்கிய பெண் எதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக. வீட்டுக்குப் பின்னால் குதிரை லாயங்களுக்கென்று ஒரு சந்து, அதன் மாடியில் வண்டிக்காரரின் குடும்பம். 'மியூஸ்' என்று பெயர். இன்று அந்த லாயங்களே பல கோடி விலை போகின்றன என்பது வேறு வேடிக்கை.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். இரண்டாம் போருக்குப் பிறகு வீட்டோடு தங்கி வேலை செய்ய ஆளே கிடைப்பது அரிதாகிவிட்டது. பின்படிகள் சும்மா கிடந்தன. அடித்தளங்கள் வாடகை வீடுகளாயின. வேலைக்காரியின் மகள் அதே தெருவில் முன்வாசல் வழியாகப் போக முடிந்தது. காசு இருந்தால் போதும். வர்க்கம் கொடுமையானதுதான், ஆனால் அது மூன்று தலைமுறையில் பெயரை மறந்துவிடக்கூடியது.

நம் ஊருக்கு வருவோம். நமக்கு டவுன்ஹவுஸ் புதிதா? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், முன்னால் தொடர்ச்சியான திண்ணை, உள்ளே நீளமாக ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை. அக்கிரகாரம்தான் நம்முடைய வரிசை வீடு. கட்டடக் கலை மாணவர்களைக் கூட்டிப்போய் அதன் காற்றோட்டத்தைப் புகழ்ந்து பாடம் நடத்துகிறார்கள். காற்றோட்டம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை தெரியும்படி கட்டியிருக்கிறார்களே, அந்தக் கொல்லைக் கதவுக்கு அப்பால் என்ன இருந்தது? எடுப்புக் கக்கூஸ். அதை எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு சந்து. ஆங்கிலேய நகராட்சி ஆவணங்களில் அதற்கு 'கன்சர்வன்சி லேன்' என்று மரியாதையான பெயர். மக்கள் அந்தச் சந்துகளை, அதில் வந்தவர்களின் சாதிப் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். முன்தெருவில் நடக்கக் கூடாதவர்கள் இல்லாமல் அந்த வீட்டில் ஒருநாள்கூடக் குடியிருக்க முடியாது. அதனால் அவர்களுக்கென்று ஊரின் முதுகுப்பக்கம் ஒரு வழி. பழைய ஊர்களில் இன்றும் போய்ப் பாருங்கள், அந்தச் சந்துகள் பல இருக்கின்றன. இப்போது ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள்.

வைக்கத்தில் 1924இல் தொடங்கிய போராட்டத்தை இன்றைக்கும் பலர் கோயில் நுழைவுப் போராட்டம் என்று நினைக்கிறார்கள். அங்கே கேட்டது தெருவை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையை. பெரியார் சிறைக்குப் போனது அதற்காக. அதே 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச் சாலையையும் தெருவையும் கிணற்றையும் யாரும் பயன்படுத்தலாம் என்பதுதான். நூறு வருடம் ஆகிவிட்டது. அவர்கள் திறந்துவிட்டது பொதுத் தெரு. கேட் போட்ட குடியிருப்புக்குள் இருப்பது தனியார் தெரு. அதற்குள் யார் எந்த வழியில் நடக்க வேண்டும் என்பதை நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழு முடிவு செய்கிறது.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் ஆய்வேட்டில் எழுத முடியாது. என் வழிகாட்டி "மாதிரியின் அளவு ஒன்று" என்று எழுதித் திருப்பித் தருவார்.

எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது எங்களைக் கூவம் கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கினார்கள். வீடு 200 சதுர அடிகூட இல்லை. அம்மா முன்பு நடந்தே போய்வந்த வேலை எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிறகு சாலை ஓரத்தில் கம்பெனிகள் வந்தன, கம்பெனிக்காரர்களுக்காகக் குடியிருப்புகள் வந்தன, அவற்றில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரம் யாரையெல்லாம் துரத்தியதோ அவர்களெல்லாம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். இந்தச் சாலையின் சொகுசைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கடற்கரைக் காற்றும் ஐடி கம்பெனியும் பக்கம் என்பார்கள். மலிவான கைகளும் பக்கம்.

அம்மா ஒரே வளாகத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர இரண்டு மணி. ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கழிவறைகள். தினம் பதினாறு. அவற்றில் ஒன்றைக்கூட அவர் பயன்படுத்தக் கூடாது. கீழே கார் நிறுத்துமிடத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், டிரைவர்களுக்கும் காவலாளிகளுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் சேர்த்து ஒன்று இருந்தது. உள்தாழ்ப்பாள் இல்லை. அதனால் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஏழு மணி நேரம். சிறுநீர்த் தொற்று வந்து, வந்து, கடைசியில் சிறுநீரகம் வரை போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் "ஏம்மா, தண்ணி குடிக்கிறதே இல்லையா?" என்று திட்டினார். அம்மா சிரித்துவிட்டு, "வேலையில மறந்துடுறேன் சார்" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரியும்.

கிராமத்து டீக்கடை இரட்டைக் குவளையைக் கண்டால் நாம் கொதித்துப் போராட்டத்துக்குப் போகிறோம், போக வேண்டும். இங்கே குவளை சிமெண்டில் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு கேட், இரண்டு லிஃப்ட், இரண்டு கழிவறை. விற்பனைக்காரர் அதையே கூடுதல் வசதி என்று சொல்லி விலையில் சேர்க்கிறார். தனி டம்ளர் வைக்கிற வீட்டுக்காரருக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும், சிங்க்குக்கு அடியில் மறைத்து வைப்பார். வரைபடத்துக்குக் கூச்சம் இல்லை.

கழிவறைக்கு அப்பால் போகிற கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், பல தோழர்கள் இதில் வேலை செய்கிறீர்கள். மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம். இறந்தால் 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்சநீதிமன்றம். அதை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரில் மறுபடியும் தீர்ப்பு. இழப்பீடு ஏறுவதைப் பார்த்தாலே சாவு நிற்கவில்லை என்று புரியும். சுவரெல்லாம் சென்சார் வைத்த வீட்டுக்கும் கழிவுத் தொட்டி உண்டு.

"இதெல்லாம் வர்க்கம், சாதி எங்கே வருகிறது? அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் பல சாதிக்காரர்கள், வேலை செய்பவர்களும் பல சாதி" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். வேலைக்கு வருகிற பெண்களிடம் பேசினேன். சமைக்கிற பெண்ணிடம் சாதி கேட்கப்படுகிறது, அல்லது சமைக்கத் தெரிந்த 'அந்த மாதிரி' பெண்ணாகத் தேடப்படுகிறது. அவர் சமையலறைக் கதவு வரை முன்பக்கமாகவே போகலாம். பாத்திரம் தேய்ப்பவருக்கும் கழிவறை கழுவுபவருக்கும் பின்கதவு. ஒரே வீட்டில் மூன்று பெண்களுக்கு மூன்று வழி. சம்பளம் வேறுபடுவதை வர்க்கம் என்று ஒப்புக்கொள்கிறேன். கதவு ஏன் வேறுபடுகிறது? இன்னொன்று, இந்தியாவின் ஏழு பெருநகரங்களை எடுத்து 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் த்ரீனா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2012இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பொருளாதார நிலையைவிடச் சாதிதான் மக்களை அதிகமாகத் தனித்தனி வார்டுகளில் பிரித்து வைத்திருக்கிறது என்று அது காட்டியது. அந்த ஏழில் சென்னையும் உண்டு.

சாதி இல்லை என்கிறவர்களை என்னோடு வீடு தேட அழைக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை போதும் என்று இரண்டு மாதம் அலைந்தேன். நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, அது நம் இயக்கம் செய்த பெரிய காரியம். அதனால் வீட்டுக்காரர்கள் சுற்றி வந்து கேட்கிறார்கள். "சொந்த ஊர் எது?" சென்னை என்றால், "சென்னையில எங்க?" கிராமம் என்று சொன்ன என் தோழியிடம், "அந்த ஊர்ல எந்தத் தெரு?" நான் கண்ணகி நகர் என்றதும் ஒருவர், "அட்வான்ஸ் வாங்கிட்டேனே, மறந்தே போயிட்டேன்" என்றார். வீட்டுக்காரருக்கு மறதி. அம்மாவுக்கும் தண்ணீர் குடிக்க மறதி.

1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஓரிடத்தில் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் 'மறந்துவிட்டேன்' என்பதை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கடையையும் உணவகத்தையும் கிணற்றையும் சாலையையும் பெயர் சொல்லிக் காக்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. 2005இல் அகமதாபாத்திலுள்ள ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், உறுப்பினராகப் பார்சிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற விதி செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்வது என்று அதற்கு வாதம் உண்டு. ஆனால் அந்தக் கதவு வழியாக யார் யார் நுழைவார்கள் என்று நமக்குத் தெரியும்.

அண்ணலுக்கு 1917இல் பரோடாவில் வீடு கிடைக்கவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர், ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பதினைந்து பதினாறு வருடம் கழித்து பம்பாய் தாதரில் அவர் 'ராஜகிருகம்' கட்டினார். மாடிகளோடு, தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்றே திட்டமிட்டுக் கட்டிய வீடு. கட்டிய இடத்தின் பெயர் இந்து காலனி. அவர் அதில் நகைச்சுவை கண்டாரா தெரியாது, நான் காண்கிறேன். ஒரு தீண்டத்தகாதவருக்கு இவ்வளவு பெரிய வீடா என்று அன்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். 2020 ஜூலையில்கூட அந்த வீட்டின் பூந்தொட்டிகளையும் கண்ணாடியையும் உடைத்துவிட்டுப் போனார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் முற்போக்கு நண்பர்கள் சிலருக்கு, நம்மவர்கள் நல்ல வீடு வாங்கினால் முகம் மாறுகிறது. 'நுகர்வு மோகம்' என்கிறார்கள். எனக்கு மார்பிளின்மேல் கோபம் இல்லை. அம்மா மார்பிள் தரையைத் துடைத்திருக்கிறார், ஒருநாள் அதில் வெறுங்காலோடு உட்கார்ந்து டிவி பார்க்கட்டும். என் கோபம் அந்தப் பின்கதவின்மேல். சங்கடம் என்னவென்றால், இப்போது நம்மவர்களுக்கும் அந்தக் கதவு கிடைக்கிறது.

என் சித்தி மகன் ஐடியில் இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் முதல் பி.இ. போன தை மாதம் பதினான்காவது மாடியில் வீடு வாங்கினான். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு அம்மா புதுப் புடவை கட்டி, கையில் எவர்சில்வர் குடத்தோடு வந்தார். நான் கார் வாடகை கொடுத்துக்கொண்டு பின்னால் நின்றேன். லிஃப்ட்டுக்கு முன்னால் காவலாளி அம்மாவை நிறுத்தி, "சர்வீஸ் லிஃப்ட் அந்தப் பக்கம்மா" என்று கை காட்டினார். அவர் வயதும் அம்மா வயதுதான். புதுப் புடவையையும் மீறி அம்மாவிடம் எதைப் பார்த்து முடிவு செய்தாரோ. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் நடந்துவிட்டார். பதினொரு வருடப் பழக்கம். மேலே போய்ச் சேர்ந்தபோது தம்பி கேட்டான், "பெரியம்மா, லிஃப்ட் வேகமா இருந்துச்சா?" அம்மா, "ம், நல்லா இருந்துச்சுப்பா" என்றார்.

இரவு நான் அவனிடம் சொன்னேன். முதலில், "அக்கா, அது சாமான் ஏத்துறதுக்கு வெச்சது, எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்றான். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எந்த லிஃப்ட்டில் வருகிறார்கள் என்று கேட்டேன். பேசவில்லை. பிறகு அவனே ஒன்று சொன்னான். அந்த விதி நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவன் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லையாம். குழுவில் யாருக்கும் அவன் யார் என்று தெரியாது. எதிர்த்துப் பேசினால் தெரிந்துவிடுமோ என்று பயம். கடன் இன்னும் பத்தொன்பது வருடம் இருக்கிறது. அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணகி நகர் என்ற முகவரியை வேலை விண்ணப்பத்தில் மறைத்தவள் நான்.

மூன்று வாரம் கழித்து அவன் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். என்னைத்தான் பிழை பார்க்கச் சொன்னான். இரண்டு கோரிக்கை. எல்லா லிஃப்ட்டும் எல்லாருக்கும். கீழ்த்தளத்தில் பெண்களுக்குத் தனிக் கழிவறை, உள்தாழ்ப்பாளோடு. கடைசியில் தன் பெயர், வீட்டு எண், அதற்குக் கீழே 'என் பெரியம்மா வீட்டு வேலை செய்தவர்' என்று ஒரு வரி. அந்த வரி வேண்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றான்.

பொதுக்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை. கார் நிறுத்தக் கட்டணம், நீச்சல் குளப் பராமரிப்பு எல்லாம் முடிந்து இது ஏழாவது பொருளாக வருகிறது. அம்மா, "நானும் வந்து உக்காரலாமா?" என்று கேட்டிருக்கிறார். பார்வையாளராக வரலாமா என்று விதியைப் பார்த்துச் சொல்வதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறாராம்.